பத்து வருஷம் என்ற பதில்

நான் வேலை பார்த்த பங்குத் தரகு அலுவலகத்தின் தஞ்சாவூர்க் கிளையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். இனி எல்லாம் செல்போனிலேயே நடக்குமாம். மூடிய மறுவாரம் சென்னை அலுவலகத்திலிருந்து பிரியா என்ற பெண் கூப்பிட்டார். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள், இண்டெக்ஸ் ஃபண்டில் உள்ள ஆபத்துகளைப் பற்றிப் பழைய ஆட்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். பாடமாக வேண்டாம், அனுபவமாக வேண்டுமாம். நாலு பக்கம் என்றால் எத்தனை வார்த்தை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. என் கையெழுத்தில் பக்கத்துக்கு இருநூறு வார்த்தை வருகிறது. எழுதி முடித்து எண்ணினால் நாலு பக்கத்தை எப்போதோ தாண்டியிருக்கிறது. வெட்டுவதானால் அவர்களே வெட்டிக்கொள்ளட்டும்.

ஆபத்துகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எனக்கோ அந்த ஆபத்துகளைப் புரியவைத்த ஒரு பெண்மணியைத்தான் நினைவிருக்கிறது. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

என் படிப்பு பி.காம். பத்தொன்பது வருஷம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதினேன். ஆலையை மூடியபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரியில் ஒரு மகன், பள்ளியில் ஒரு மகள். மூன்று மாதப் பயிற்சி, கணினியில் ஒரு தேர்வு, இரண்டாவது தடவையில் தேர்ச்சி. தெற்கு வீதியில் மாடியில் இருந்த கிளையில் ஒப்பந்த ஊழியராகச் சேர்த்துக்கொண்டார்கள். ஏறுவதற்கு இருபத்திரண்டு படி. பன்னிரண்டாவது படி மற்றவற்றைவிட இரண்டு விரற்கடை உயரம். யாராவது விழுந்து காலை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் விழவில்லை.

கிளையின் மேலாளர் ஸ்டெல்லா மேடம். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகள். காலை எட்டு நாற்பதுக்கு வந்துவிடுவார். மேஜையில் இரண்டு பென்சில், ஒரு அழிப்பான், வேறெதுவும் இருக்காது. வாடிக்கையாளரிடம் 'லாபம்' என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. 'ஏறினால்', 'இறங்கினால்' என்று இரண்டையும் சேர்த்தேதான் சொல்வார். ஒன்றைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாலும், அடுத்ததைச் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போகமாட்டார். முதல் வாரத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருவருக்கு அரை மணி நேரம் ஆக்கினால் மாதத்தில் எத்தனை கணக்குத் திறப்பது? என் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மாதம் இருபது புதுக் கணக்காவது வேண்டும் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள்.

புதுக் கணக்குக்கு வருகிறவர்களிடம் அவர் நான்கு கேள்வி கேட்பார். பதிலை அவர்கள் கையாலேயே எழுத வைப்பார். மூன்றாவது கேள்வி: இந்தப் பணம் உங்களுக்கு எப்போது வேண்டும்? ஐந்து வருஷத்துக்குள் என்று எழுதினால் படிவத்தை மடித்துக் கையில் கொடுத்து, தபால் ஆபீசுக்கோ வங்கிக்கோ வழி சொல்லி அனுப்பிவிடுவார். மரியாதையாகத்தான் அனுப்புவார், வாசல் வரை வந்து. ஆனால் அனுப்பிவிடுவார்.

அப்போதுதான் ஐம்பது கம்பெனிகளின் குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட் எங்கள் பக்கத்தில் பரவத் தொடங்கியிருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாட்டின் பெரிய ஐம்பது கம்பெனிகளின் பங்குகளை, குறியீட்டில் எந்த விகிதத்தில் இருக்கிறதோ அதே விகிதத்தில் அந்த ஃபண்ட் வாங்கி வைத்திருக்கும். அதன் யூனிட்டை ஒரு பங்கைப் போலவே சந்தையில் வாங்கலாம், விற்கலாம். எதை வாங்குவது, எதை விற்பது என்று தீர்மானிக்கிற ஆள் கிடையாது. அதனால் செலவு குறைவு, ஆளின் தவறும் இல்லை. ஆனால் வெள்ளம் வரும்போது மேட்டுக்கு ஓட்டிப் போகிற ஆளும் இல்லை. குறியீடு விழுந்தால் கூடவே விழுவதுதான் அதன் வேலை. ஃபண்டின் செலவு, கைவசம் கிடக்கிற ரொக்கம் இதனாலெல்லாம் குறியீட்டைவிடக் கொஞ்சம் பின்தங்கவும் செய்யும். ஐம்பது என்று பெயரே தவிர, முதல் பத்துக் கம்பெனியின் கனம்தான் பெரிது. இதையெல்லாம் மேடம் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் ஐந்து வருஷத்துக்குள் என்று எழுதித் திரும்பிப் போன ஒருவர் படியிறங்கும்போது என்னிடம் புலம்பினார். எனக்கு அந்த மாதம் பதினேழு கணக்குதான் சேர்ந்திருந்தது. பத்து வருஷம் என்று எழுதியிருந்தால் வேலை முடிந்திருக்குமே என்று சொல்லிவிட்டேன். அவர் கீழே டீக்கடையில் அதைச் சொல்லியிருக்கிறார். டீக்கடைக்காரர் அடுத்தவருக்குச் சொல்லியிருக்கிறார். பிறகு பரீட்சைக் கேள்வி வெளியான மாதிரி ஆகிவிட்டது. மேடம் வாயைத் திறப்பதற்கு முன்பே "பத்து வருஷம்மா" என்று சொன்னவர்களும் உண்டு. படிவங்களைக் கோப்பில் வைப்பவன் நான். ஆனி தொடங்கி மூன்று மாதத்தில் ஐம்பத்தெட்டுக் கணக்கு. அதில் நாற்பத்தொன்றில் 'பத்து வருஷம்' என்று இருந்தது. எண்ணினேன், ஒரு நோட்டில் குறித்தும் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாற்பத்தொன்றில் ஒருவர் வீரையன். திருவையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மகன் அனுப்பியதும் இவர் குத்தகைச் சாகுபடியில் மிச்சம் பிடித்ததுமாக வங்கியில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். விலை இறங்கிக் கிடக்கிறது, இப்போது போட்டால்தான் ஏறும் என்று மகன் சொன்னானாம். மேடம் எல்லாவற்றையும் விளக்கிய பிறகு வீரையன் சிரித்துக்கொண்டே, தனக்குப் புரிந்ததைச் சொன்னார்.

"அம்பது கம்பெனின்னா அம்பது வாய்க்கால் மாதிரிம்மா. ஒண்ணு ரெண்டு தூந்து போனாலும் மத்ததுல தண்ணி வரும்ல."

"வாய்க்கால் அம்பது ஐயா. ஆறு ஒண்ணுதானே" என்றார் மேடம். "மேட்டூர் தொறக்கலன்னா?"

"தொறக்காமயா போயிடும்?"

"தொறக்காத வருஷம் இருந்திச்சா இல்லியா?"

வீரையன் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

"அந்த வருஷம் பாத்து உங்களுக்குப் பணம் வேணும்னா என்ன பண்ணுவீங்க?"

"எனக்குப் பத்து வருஷத்துக்கு வேணாம்மா" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்து எழுதினார். 'பத்து' என்பதன் கீழே ஒரு கோடும் போட்டார். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். அந்த மாதத்தில் அது பத்தொன்பதாவது கணக்கு.

அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்த வருஷம் அது. புரட்டாசியில் ஆரம்பித்து ஐப்பசி முழுக்கச் சந்தை விழுந்தது. அந்தப் பெரிய வங்கியின் பெயரை உச்சரிக்கத் தெரியாதவர்கள்கூட எங்கள் படியேறி வந்து அதைப் பற்றிக் கேட்டார்கள். ஐம்பது வாய்க்காலிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் இறங்கியது. ஐம்பதில் எத்தனை ஏறியிருக்கிறது என்று தினமும் மூன்றரை மணிக்கு எண்ணுவேன். ஒன்றுகூட ஏறாத நாட்கள் உண்டு.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை வீரையன் வந்தார். நல்ல மழை. சட்டை நனைந்திருந்தது, கையில் இருந்த பிளாஸ்டிக் பை நனையவில்லை. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு அக்ரிமென்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தையில கிரயம்மா" என்றார்.

மேடம் படித்துப் பார்த்தார். திருவையாற்றுப் பக்கத்தில் ஆறு மா நிலம், எங்கள் கணக்குக்கு இரண்டு ஏக்கர். வீரையனின் தாத்தாவும் அப்பாவும் கூலிக்கு நட்டு அறுத்த நிலம். பதினோரு வருஷமாக வீரையனே குத்தகைக்குச் செய்கிறார். உரிமைக்காரர்கள் சென்னைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் மகன் அமெரிக்காவில். ஒரு கல்யாணத்துக்காகத் தையில் பன்னிரண்டு நாள் வருகிறார், அதற்குள் கிரயம் முடித்தாக வேண்டும். ஒரு மா விலையை வைகாசியிலேயே அட்வான்சாகக் கொடுத்தாகிவிட்டது. மீதி ஐந்து மாவின் விலைதான் எங்களிடம் வந்த பணம். தேதி தவறினால் அட்வான்ஸ் போய்விடும். தஞ்சாவூரில் மனை போட்டு விற்கிற ஒருவர் ஆறு மாவையும் எடுத்துக்கொள்ளத் தயாராக நின்றார்.

ஆனியில் பணத்தைப் போடும்போதே தேதி அவருக்குத் தெரியும். ஏழு மாதத்தில் ஏறுகிறதில் பத்திரச் செலவு வந்துவிடும் என்று மகன் சொன்னதை நம்பியிருக்கிறார். கணக்குப் பார்த்தால் பேராசை என்று சொல்ல முடியாது. முத்திரைத்தாள் செலவுக்குத்தான் அவர் ஆசைப்பட்டார்.

மேடம் அவருடைய படிவத்தை எடுத்தார். கோடு போட்ட 'பத்து வருஷ'த்தைப் பார்த்தார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. ஒரு தாளில் பென்சிலால் ஆறு கட்டம் போட்டார்.

"இது ஆறு மா. ஒண்ணுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. அஞ்ச இங்க போட்டீங்க. இன்னிக்கு அந்த அஞ்சு, மூணா ஆயிருக்கு. மூணுகூட முழுசா இல்ல ஐயா."

நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்று நான் சொல்லியிருப்பேன். மேடம் ரூபாயில் பேசவில்லை, சதவீதத்தில் பேசவில்லை. இரண்டு கட்டத்தை மட்டும் குறுக்கே அடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். வீரையன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"திரும்பி வராதாம்மா?"

"வரலாம். எப்பன்னு தெரியாது."

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது ஐயா. தெரியும்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட போகாதீங்க."

வீரையன் அங்கிருந்தே மகனைப் போனில் கூப்பிட்டார். மகன் விற்காதே என்று கத்துவது எங்களுக்கும் கேட்டது. இப்போது விற்பது முட்டாள்தனம், வருஷக் கடைசிக்குள் ஏறிவிடும் என்றான். வீரையன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆனா நெலம் தைக்கு மேல நிக்காது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான்கு மா மட்டும் பிரித்துக் கொடுப்பார்களா என்று கேட்கத் திருவையாற்றில் இருக்கும் உரிமைக்காரர்களின் காரியஸ்தரிடம் போனார். பிரித்துக் கொடுக்கிறோம், வாய்க்காலை ஒட்டிய இரண்டு மா மட்டும் மனைக்காரருக்கு என்று பதில் வந்தது. புதன்கிழமை வந்து, விற்றுவிடச் சொன்னார்.

இங்கேதான் புதுப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். விற்பனை ஆர்டர் போடுவது என் வேலை. அவருடைய யூனிட் மொத்தத்தையும், வந்த விலைக்கு விற்கும் வகையில் திரையில் நிரப்பிவிட்டேன். ஒரு பொத்தான்தான் பாக்கி. மேடம் எழுந்து வந்து விசைப்பலகையை என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தார்.

பென்சிலை எடுத்துத் திரையில் தெரிந்த ஐந்து வாங்குபவர்களையும் வரிசையாகத் தாளில் எழுதினார். யார் எத்தனை யூனிட் கேட்கிறார்கள், என்ன விலைக்கு. பக்கத்தில், ஃபண்டிடம் இருக்கிற பங்குகளின் அன்றைய மதிப்பை வைத்து ஒரு யூனிட் எவ்வளவு பெறும் என்று எழுதினார். முதல் ஆள் மதிப்பை ஒட்டிய விலைதான் கேட்டார், ஆனால் அறுபது யூனிட்டுக்கு மேல் அவருக்கு வேண்டாம். இரண்டாவது ஆள் கொஞ்சம் கீழே. நான்காவது ஆளும் ஐந்தாவது ஆளும் கிணற்றுக்குள் நின்று கேட்டார்கள். பீதியான நாட்களில் இந்த ஃபண்டை வாங்க ஆள் குறைவு. நான் பொத்தானை அமுக்கியிருந்தால் யூனிட் மொத்தமும் அந்தக் கிணறு வரை சரிந்து போயிருக்கும். மேடம் கூட்டிப் பார்த்து, முன்பு போட்ட ஆறு கட்டங்களில் ஒன்றின் பாதியைப் பென்சிலால் நிழலடித்தார்.

"அரை மா சார்" என்றார் என்னிடம். "சந்தை எடுத்தது போக, நாம எடுக்க இருந்தது."

சந்தை விழுவதை எல்லோரும் பேசுகிறார்கள். யூனிட்டுக்கு இரண்டு விலை உண்டு, உள்ளே இருக்கும் சரக்கின் மதிப்பு ஒன்று, வெளியே நிற்கும் ஆள் கேட்கிற விலை மற்றொன்று, நமக்கு அவசரமான நாளில்தான் இரண்டும் விலகி நிற்கும் என்பதை எனக்குச் சொன்னது அந்த அரைக் கட்டம்தான்.

மேடம் நான்கு நாளாக விற்றார். ஒவ்வொரு ஆர்டரிலும் இதற்குக் கீழே வேண்டாம் என்று ஒரு விலை போட்டார். காலையில் முதல் பதினைந்து நிமிஷம் தொடமாட்டார், விலை நிலைகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். பிறகு அறுபது, எண்பது என்று சிறு சிறு துண்டாக. அந்த ஃபண்டுக்காகத் தினமும் வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்ல வேண்டிய பொறுப்பில் மும்பையில் ஒரு நிறுவனம் இருந்தது. அதன் எண்ணைத் தேடிப் பிடித்து, நிதானமான பள்ளிக்கூட இங்கிலீஷில், இத்தனை யூனிட் இருக்கிறது, நியாயமான விலை சொல்லுங்கள் என்று கேட்டார். முதல் நாள் போனை வைத்துவிட்டார்கள். மறுநாள் அதே தொனியில் அதே வாக்கியத்தைச் சொன்னார். மூன்றாம் நாள் ஒரு விலை சொன்னார்கள். பெரிய பகுதி அதில் போனது. நான்கு நாளும் வீரையன் பெஞ்சில் உட்கார்ந்து, மேடம் பென்சிலால் எழுதும் ஒவ்வொரு துண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கூட்டினால் நூற்றுக்கு ஐம்பத்தேழு. மூன்று மாவுக்குச் சிறிது குறைந்தது. அதை அவர் மனைவியின் தோட்டை அடகு வைத்துச் சரிக்கட்டினார்கள்.

அவர் போன பிறகு என் நோட்டை எடுத்துக்கொண்டு மேடம் மேஜைக்குப் போனேன். ஐம்பத்தெட்டில் நாற்பத்தொன்று என்று காட்டினேன். படியில் நான் சொன்னதையும் சொன்னேன்.

"எப்பலேர்ந்து எண்ணுறீங்க?" என்று கேட்டார்.

"ஆனியிலேர்ந்து மேடம்."

"எண்ணத் தெரிஞ்ச ஆள்னுதான் உங்கள எடுத்தேன் சார்."

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. அதற்கு மேல் தேவையும் இல்லை.

தலைமை அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினார். எழுதியதை எனக்குப் படிக்கக் கொடுத்தார். தம் கேள்விக்கு ஒரு பதில்தான் கதவைத் திறக்கும் என்று ஆக்கி வைத்தது தம் தவறு, அப்படிப்பட்ட கேள்விக்கு ஜனங்கள் அந்தப் பதிலைத்தான் கற்றுக்கொள்வார்கள் என்று இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. சேர்க்கச் சொன்னேன்.

"உங்க பேரப் போட்டா விஷயம் உங்களோட முடிஞ்சிடும். நம்மளப் பாத்து இதே கேள்விய மத்த கிளையிலயும் கேக்குறாங்க சார்" என்றார்.

அன்றே மீதி நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்யத் தொடங்கினார். இருபதை நான் செய்தேன். இருபதில் பதினொருவர் வீட்டில் அடுத்த இரண்டு வருஷத்துக்குள் செலவு இருந்தது.

தையில் கிரயம். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று வீரையன் மேடத்தைக் கூப்பிட்டார். வாடிக்கையாளரின் சொந்தக் காரியத்தில் தாம் கையெழுத்துப் போடுவது சரியில்லை என்று மேடம் மறுத்துவிட்டார். நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என் சொந்தப் பொறுப்பில் போனேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை இரண்டு தடவை படித்தேன். விஸ்தீரணம் நான்கு மா. நான்கெல்லையில் கிழக்கே, அன்று காலையில்தான் மனைக்காரர் பெயருக்கு மாறியிருந்த இரண்டு மா. வீரையன் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவர் வம்சத்தில் நிலப் பத்திரத்தில் விழுந்த முதல் கையெழுத்து அது. ஆறுக்கு ஏங்குகிறாரா, நான்குக்கு மகிழ்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை. அந்த யூனிட்டுகளின் விலை பின்னால் ஏறியது, அவர் போட்ட விலையையும் தாண்டிப் போனது. அது உண்மைதான், அதையும் புத்தகத்தில் போட வேண்டும். ஆனால் அதற்குள் கிழக்கு எல்லையில் மனைக்கல் நட்டுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் மனைவி பாக்கியம் நின்றிருந்தார். காதில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குச்சி. நான் யார் என்று வீரையன் அவரிடம் சொன்னார்.

"நீங்க கேட்ட கேள்விய என்கிட்ட கேட்டிருந்தா தைன்னு சொல்லியிருப்பேன்யா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று பிற்பகல் அதை மேடத்திடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் அழிப்பானை எடுத்து, பென்சிலால் எழுதி வைத்திருந்த மூலப் படிவத்தில் மூன்றாவது கேள்வியை அழித்தார். அந்த இடத்தில் எழுதினார்: வீட்டில் அடுத்து என்ன செலவு வருகிறது? கணவனும் மனைவியும் வந்து சொல்ல வேண்டும். தனி ஆளாக இருந்தால் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரோடு. அதற்குக் கற்றுக்கொள்ளக்கூடிய பதில் எதுவும் இல்லை. கல்யாணம், காலேஜ், கிணறு, ஆபரேஷன் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதில். டீக்கடைக்காரரால் அதற்கு எதுவும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. பல வீடுகளில் கணவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொல்லிவிட்டார்.

அந்த மாதம் இருபத்தொன்பது பேர் படியேறி வந்தார்கள். மூன்று கணக்குதான் திறந்தோம். முந்தைய வருஷம் அதே மாதம் இருபத்தாறு. ஏன் இந்தச் சரிவு, யார் பொறுப்பு என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மேடம் அந்தக் கடிதத்தின் அடியிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

'வந்தவர்களில் மூன்று வீட்டுக்குத்தான் அந்தப் பணம் இப்போதைக்குத் தேவைப்படவில்லை.'